ராமேஸ்வரம் பக்கம் தீவுல டென்ட் போடலாமா? அஞ்சு பேரு, ஆளுக்கு 1500 ரூபாய்

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில நாங்க அஞ்சு பேரு, காலேஜ்லேர்ந்து ஒரே செட்டு. ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வருது, மூணு நாள் லீவு. கொடைக்கானல் போயிப் போயி சலிச்சுப்போச்சு, இந்தத் தடவ கடல்னு முடிவு. ஆளுக்கு 1500க்கு மேல ஒரு ரூபா தாண்டக் கூடாது. ஒருத்தனுக்கு வேலை போயி ரெண்டு மாசமாச்சு, அவன விட்டுட்டுப் போக மனசில்ல, அவனுக்கு நாங்க போட்டாலும் வாங்கிக்க மாட்டான்.

பிளான் இதுதான்: ரயில்ல ராமேஸ்வரம். அங்க ஒரு வள்ளத்தப் பேசி, ஆளில்லாத தீவு ஒண்ணுல இறக்கிவிடச் சொல்றது. அது அமையலைன்னா தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைகிட்ட டென்ட். ரெண்டு டென்ட் இரவல் கிடைச்சிருச்சு. குருசடைத்தீவு, முயல்தீவு, மனோலித்தீவுன்னு மேப்ல பேரப் பாத்தாலே கை பரபரங்குது. போனவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஊர்சுற்றி_உமா:
அரிச்சல்முனைய மறந்துருங்க. பகல்ல எத்தனை மணி நேரம் வேணா நில்லுங்க, சாயங்காலமானா போலீஸ் ஒவ்வொரு வண்டியா கிளப்பி விட்ருவாங்க. 1964 டிசம்பர் புயலுக்கப்புறம் தனுஷ்கோடி ஊருன்னே கணக்குல இல்ல. மீன்பிடிக்கிற குடும்பங்க மட்டும் குடிசை போட்டு இருக்காங்க. 2017ல முனை வரைக்கும் ரோடு வர்றதுக்கு முன்னாடி மணல்ல வேன்ல குலுங்கிக்கிட்டே போயிருக்கேன். அப்பவும் இருட்டுறதுக்குள்ள திரும்பிரணும்.

நான் ஒரு தடவ கடைக்காரர்கிட்ட கெஞ்சி, கடைக்குப் பின்னாடி டென்ட்ட விரிச்சேன். எட்டு மணிக்குள்ள டார்ச் அடிச்சுட்டாங்க. எங்களத் திட்டக்கூட இல்ல. கடைக்காரரத்தான் நிக்க வச்சுக் கேட்டாங்க. அவரு மூஞ்சிய இன்னைக்கும் மறக்க முடியல.

தனிக்காட்டு_ராஜா:
இதுக்கெல்லாம் பயந்தா வீட்லயே கிடக்க வேண்டியதுதான். நாங்க நாலு வருசம் முன்னாடி ஒரு தீவுல ராத்திரி தங்கினோம். எந்தத் தீவுன்னு சொல்ல மாட்டேன். படகுக்காரருக்கு 3000 கொடுத்தோம், மறுநாள் காலையில வந்து கூட்டிட்டுப் போனாரு. எவனும் கேக்கல. ஆளுக்கு 600. பட்ஜெட்டுக்குள்ள வருதா இல்லையா?

மண்டபத்தான்:
நம்ம ஊர்ப் பேச்சு வந்ததால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். கோவிச்சுக்காதீங்க.

தம்பி வைகைக்கரை, நீங்க சொன்ன அத்தனை தீவும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள்ள வருது. தூத்துக்குடிலேர்ந்து பாம்பன் வரைக்கும் மொத்தம் 21 தீவு, 1986ல பூங்காவா அறிவிச்சது. வான்தீவு, காசுவார், நல்லதண்ணித்தீவு, உப்புத்தண்ணித்தீவு, தலையாரி, வாழை, முள்ளி, எல்லாம் அதுல சேத்தி. நல்லதண்ணித்தீவுன்னு பேர வச்சிருக்கிறதால போயி ஊத்து தோண்டிக் குடிச்சிரலாம்னு நினைக்காதீங்க. எந்தத் தீவுலயும் அனுமதியில்லாம கால் வைக்கக் கூடாது. குருசடைக்கு மட்டும் பாம்பன் பக்கத்துக் குந்துகால்லேர்ந்து வனத்துறையே படகு விடுது. பகல்ல போயி, பாத்துட்டு, பகல்லயே திரும்புறது. டென்ட்டுங்கிற பேச்சுக்கே இடமில்ல.

இப்ப ராஜா சாருக்கு. உங்கள எவனும் கேக்கலைங்கிறது சரி. பிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சீங்களா? நீங்க அபராதம் கட்டிட்டு பஸ் ஏறியிருப்பீங்க. அந்த ஆளோட வள்ளம் போயிருக்கும். வள்ளம், எஞ்சின், வலை, எல்லாம் கடன்ல வாங்குனது. கேஸ் முடியிற வரைக்கும் கரையில கிடந்து வெயில்ல வெடிக்கும். 3000 ரூபாய்க்கு அவரு தலைய அடமானம் வச்சிருக்காரு, நீங்க அத மலிவுன்னு கணக்குப் போடுறீங்க. இதுல இன்னொண்ணும் இருக்கு. இந்தப் பக்கம் கரையில ராத்திரி வெளிச்சம் தெரிஞ்சாலே மெரைன் போலீசுக்குச் சந்தேகம்தான். எதிர்க்கரையில இலங்கை. ஆகஸ்ட் 15 சமயத்துல சோதனை ரெண்டு மடங்கு.

அதுக்காக வரவே வேணாம்னு சொல்லல தம்பி. வாங்க. தீவுன்னு பாக்காதீங்க, கரைன்னு பாருங்க. எந்தக் கரைங்கிறதுலதான் விசயமே இருக்கு.

எங்க ஊருல ரெண்டு கடல். தெக்க மன்னார் வளைகுடா, அத ஆண்கடல்னு சொல்லுவோம். வடக்க பாக் விரிகுடா, பெண்கடல். இப்ப ஆடி, ஆவணியில சோளகக் காத்து. தெக்கயும் மேக்கயும் இருந்து அடிக்கும். ஆண்கடல் பொங்கிக்கிட்டு நிக்கும், மண்டபத்துக்குத் தெக்க கரையில காலக்கூட நனைக்க விட மாட்டோம். அதே நாள்ல ரயில் தண்டவாளத்தத் தாண்டி வடக்க வந்தீங்கன்னா கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில வாடைக்காத்து வந்துட்டா அப்படியே தலைகீழ். அதனால நீங்க வர வேண்டியது வடக்குக் கரை. உச்சிப்புளியில இறங்குங்க. அரியமான் கடற்கரை அங்கதான். நீளமா சவுக்குத்தோப்பு, ஆழமில்லாத தண்ணி. ஆனா அரியமான்லயே தங்க வேணாம், லீவு நாள்ல திருவிழாக் கூட்டம். அதத் தாண்டி சின்னச் சின்ன ஊரு இருக்கு.

சீனு_சிக்கனம்:
மண்டபத்தான் அண்ணன் சொன்னதுக்கு நூறு மார்க். நான் செலவுப் பக்கம் மட்டும் வர்றேன்.

ரயில்ல முன்பதிவில்லாத டிக்கெட்டுன்னா போக்குவரத்து ஆளுக்கு நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். ஏப்ரல் 2025ல புது பாம்பன் பாலம் திறந்ததுலேர்ந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போகுது. காசு கரையிற இடம் சாப்பாடும் ஆட்டோவும்தான். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், புளி, எண்ணெய் எல்லாம் வீட்லேர்ந்து கட்டிக்கிட்டுப் போங்க. பாதிப் பேரு அங்க போயி மளிகைக்கடை தேடி, ஆட்டோவுக்கு 400 அழுதுட்டு வர்றாங்க. கரி அடுப்பு, கம்பி வலை, மசாலா தடவுன கோழின்னு வீடியோ பாத்துட்டு வாங்கிறாதீங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தூக்குவாளி புளியோதரை போதும்.

ஊர்சுற்றி_உமா:
சீனு, கடற்கரைக்குப் போயி ரெண்டு நாளும் புளியோதரையா? அதுக்கு வைகை ஆத்துலயே டென்ட் போட்டுரலாமே.

சீனு_சிக்கனம்:
வைகையில தண்ணி இருந்தா போட்டுருப்பேங்க.

மண்டபத்தான்:
புளியோதரை வேணாம், கோழியும் வேணாம். கடலுக்கு வந்துட்டு மீன் திங்காம போனா எங்களுக்கு அவமானம். எங்க பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் கரைக்கு வரும். மத்த நாள் நாட்டுப்படகு. நீங்க வெள்ளிக்கிழமை வர்றீங்க. அப்ப சனிக்கிழமை நாட்டுப்படகு மீன், ஞாயித்துக்கிழமை காலையில விசைப்படகு மீன். ஏலத்துல நீங்க எடுக்க முடியாது. பக்கத்துல கூடை வச்சிருக்கிற ஆச்சிமாருகிட்ட கேளுங்க. ஓரா, நகரை, சூடை, காசுக்கேத்த மாதிரி கிடைக்கும். சீலா கேட்டா பட்ஜெட் கிழிஞ்சிரும்.

சவுக்குத்தோப்புக்குள்ள மட்டும் தீ மூட்டாதீங்க. கீழ கிடக்குற சருகு பூராம் பஞ்சு மாதிரி. இந்தக் காத்துக்கு ஒரு பொறி போதும். அத விட, ஒரு வீட்ல சொல்லிச் சமைக்கச் சொல்லுங்க. மீன் நீங்க வாங்கிக் கொடுங்க, சமையல் கூலி கொடுங்க. அந்தக் காசு ஊருக்குள்ளயே நிக்கும்.

வைகைக்கரை:
அண்ணே, தீவு ஆசைய விட்டாச்சு. ராஜா சாரும் கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒரு சந்தேகம். சும்மா கரையில டென்ட் போட்டா மட்டும் யாரும் கேக்க மாட்டாங்களா? யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

தனிக்காட்டு_ராஜா:
எனக்கென்ன கோவம். வள்ளம் விசயம் நான் யோசிக்கல, அது உண்மை.

மண்டபத்தான்:
கேப்பாங்க. கேக்குறதுக்கு முன்னாடி நீங்க சொல்லிரணும். முதல்ல ஊர்த்தலைவரப் பாருங்க. வெறுங்கையோட போகாம ஒரு சீப்பு பழம் வாங்கிட்டுப் போங்க, லஞ்சமில்ல, மரியாதை. அவரு தோப்புக்காரர்கிட்ட சொல்லுவாரு. பட்டா நிலத்துல தங்குனா யாருக்கும் வம்பில்ல. ஆதார் நகல் அஞ்சு பேருதும் எடுத்து, மெரைன் போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்து, எந்த ஊரு, யார் தோப்பு, எத்தனை நாள்னு எழுதிக் கொடுத்துருங்க. வேணாம்னு சொன்னா அத்தோட விட்டுட்டு உள்ள வீட்டுத் திண்ணையில படுத்துக்கங்க. எந்த ஊருன்னு இங்க எழுதுனா அடுத்த வாரமே நூறு பேரு நிப்பான். தனிச்செய்தியில சொல்றேன். எங்க சித்தப்பா ஒருத்தரு இருக்காரு.

இன்னும் ரெண்டு விசயம். ஒண்ணு, வடக்குக் கரையில இப்ப காத்து கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கும். தண்ணி அசையாம கிடக்குதேன்னு காத்தடைச்ச மெத்தை, லாரி ட்யூப்னு மிதக்க விட்டீங்கன்னா அது நைசா உள்ள இழுத்துட்டுப் போயிரும். திரும்பிப் பாத்தா கரை தூரத்துல நிக்கும். வருசா வருசம் யாராவது ஒருத்தர வள்ளத்துல போயி அள்ளிட்டு வர்றோம். நீச்சல் தெரிஞ்சாலும் இடுப்பளவு தண்ணிக்கு மேல போகாதீங்க.

ரெண்டாவது டென்ட். அதுகூட வர்ற கம்பி ஆணி மலைக்குத்தான் ஆகும். மணல்ல நிக்காது. காலி அரிசிச் சாக்கு எட்டு எடுத்துட்டு வாங்க. மணல் ரொப்பி, வாயக் கட்டி, கயித்த அதுல முடிஞ்சு, முழங்கை ஆழத்துல புதைங்க. வாசல் காத்து அடிக்காத பக்கம் இருக்கணும்.

வார்டு_நைட்டிங்கேல்:
ஆஸ்பத்திரி வேலை எனக்கு. கடலோர ஊர்ல நாலு வருசம் இருந்தேன். அங்க அடிக்கடி வர்ற கேஸ் ரெண்டு. சொறிமுட்டை, அதான் ஜெல்லி மீன், பட்டுட்டா நல்லதண்ணி ஊத்திக் கழுவாதீங்க, மணல் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீங்க. எரிச்சல் கூடும். கடல்தண்ணியாலயே அலசி, ஒட்டியிருக்கிற இழைய ஒரு சின்ன இடுக்கியால மெதுவா எடுத்துருங்க. மூச்சு வாங்குனாலோ, நெஞ்ச அடைச்சாலோ உடனே ஆஸ்பத்திரி. திருக்கை முள்ளு குத்துச்சுன்னா, தாங்குற அளவு சுடுதண்ணியில கால முக்கி வைங்க, வலி இறங்கும். ஆனா முள்ளு உள்ள தங்கலாம், கண்டிப்பா டாக்டர்கிட்ட காட்டணும். திருக்கை மணலுக்குள்ள படுத்துக் கிடக்கும். தண்ணிக்குள்ள கால எடுத்து எடுத்து வைக்காம, தேய்ச்சுக்கிட்டே நடந்தா அதுவே விலகிப் போயிரும்.

தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கு வைங்க, குடிக்க மட்டும். அந்தக் காத்துல வேர்க்குறதே தெரியாது.

தங்கச்சிமடத்தாள்:
தீவுல ராத்திரி தங்கணும்னு ஆசைப்படுற தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். எங்க பக்கத்துச் சனம் சட்டப்படி ஆளில்லாத ஒரு தீவுல ராத்திரி தங்குறது ஒரே ஒரு நாள்தான். கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழா. மாசி, பங்குனி வாக்குல வரும். முன்கூட்டியே பேரு பதிஞ்சு, அடையாள அட்டை கொடுத்து, சோதனையெல்லாம் முடிஞ்சு ராமேஸ்வரத்துலேர்ந்து படகுல போவோம். 1974ல தீவு இலங்கைப் பக்கம் போயிருச்சு, இலங்கைச் சண்டைக் காலத்துல திருவிழா நின்னுபோயி, அப்புறம் மறுபடி தொடங்குச்சு. கொடியேத்தம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி. ராத்திரி தரையில சேலைய விரிச்சுப் படுக்க வேண்டியதுதான், காலையில திருப்பலி பாத்துட்டுக் கிளம்புவோம். அந்தப் பக்கத்துலேர்ந்து யாழ்ப்பாணத்துச் சனமும் வரும். எங்க அம்மாச்சி அங்க பழகுன ஒரு அக்காவுக்கு வருசா வருசம் சேலை எடுத்துட்டுப் போவாங்க, அவங்க சோப்பும் தேங்காயெண்ணெயும் கொண்டாருவாங்க. 2024ல மீனவங்க பிரச்சினையால படகுகாரங்க போகலைன்னுட்டாங்க, அந்த வருசம் அம்மாச்சி மூட்டைய அவிழ்க்கவே இல்ல.

டென்ட்டுக்காகக் கிளம்பி வராதீங்க, அது வேண்டுதல். கும்பிட வர்றதுன்னா யாரு வேணா வரலாம்.

யாழ்_பூவரசு:
தங்கச்சிமடத்து அக்கா எழுதினதைப் பாத்தோடன எழுத வேணும் போல இருந்தது. நாங்கள் இஞ்சாலப் பக்கம். தீவிலதான் இரவு தங்க வேணும் எண்டால் எங்கட நெடுந்தீவு இருக்கு. அங்க சனம் இருக்கிறபடியால் தங்கலாம். யாழ்ப்பாணத்திலயிருந்து பஸ்ஸில குறிகட்டுவான், அங்கயிருந்து படகு, ஒரு மணித்தியாலம் வரும். பவளக்கல்லு மதில், காட்டுக்குதிரையள், பெருக்குமரம் எல்லாம் பாக்கலாம். நாங்கள் ஆறு பேர் போய், தெரிஞ்ச ஒரு ஐயாவின்ர வளவுக்க கூடாரம் அடிச்சனாங்கள். கோடையில தண்ணிதான் கரைச்சல். குளிக்க வாளிக்கணக்குப் பாக்க வேணும். படகு நேரத்தை முதலே கேட்டு வையுங்கோ, காத்து எழும்பினால் படகு நிண்டிடும். நாங்கள் ஒரு நாள் கூட நிண்டு, கொண்டு போன மா முடிஞ்சு, அந்த ஐயா வீட்டில கூழ் குடிச்சுத்தான் வந்தனாங்கள்.

சீனு_சிக்கனம்:
அக்காவோ அண்ணனோ, கூழ்ங்கிற வார்த்தையிலயே என் பட்ஜெட் மனசு குளுந்துருச்சு. நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023ல ஆரம்பிச்சாங்க. என்னைக்காவது ஒரு நாள் நானும் பாஸ்போர்ட் எடுக்கணும்.

வைகைக்கரை:
போயிட்டு வந்தாச்சு! கொஞ்சம் பெருசா எழுதுறேன், எல்லாரும் நேரம் எடுத்துச் சொன்னீங்க.

வெள்ளிக்கிழமை மதியம் உச்சிப்புளி. ஊர்த்தலைவர் பழச்சீப்ப வாங்கி அங்கயே பிரிச்சு எங்களுக்கே ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாரு. மெரைன் போலீஸ்ல நகல் கொடுத்தோம், ஒருத்தரு எல்லாரு போட்டோவையும் மூஞ்சியோட ஒப்பிட்டுப் பாத்துட்டு, ராத்திரி வருவோம்னாரு. சொன்ன மாதிரியே பதினோரு மணிக்கு வந்தாங்க. நாங்க போட்டுவச்ச கட்டஞ்சாயாவக் குடிச்சுட்டு, விளக்கக் கடல் பக்கம் காட்டாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

மண்டபத்தான் அண்ணன் எட்டுச் சாக்கு சொன்னாரு, நாங்க நாலுதான் கொண்டு போனோம். ஒரு டென்ட்டுக்குச் சாக்கு, இன்னொண்ணுக்கு மத்தவங்க அறிவாளித்தனமா கம்பி ஆணி. சோளகம்னா என்னன்னு முதல் ராத்திரியே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு மணி இருக்கும், நிலா அப்பத்தான் மேல வந்திருந்துச்சு. டப்புன்னு ஒரு சத்தம். கம்பி ஆணி டென்ட்டோட மேல்துணி எழும்பி, தோப்பத் தாண்டி, நேரா கடல்ல போயி உக்காந்து, அப்படியே மிதந்து போகுது. நாங்க ஜட்டியோட கரையில நின்னு பாக்குறோம். ஒருத்தன் இறங்கப் போனான். அந்த ட்யூப் கதையச் சொல்லி ரெண்டு பேரு சேந்து அவன இழுத்துப் புடிச்சோம். மிச்ச ராத்திரி அஞ்சு பேரும் ஒரே டென்ட்டுல, கால் வெளிய.

காலையில சித்தப்பா வந்து பாத்தாரு. சிரிக்கல. அதுதான் இன்னும் கொடுமை. ஏழு மணிக்கு ஒரு வள்ளம் வந்துச்சு, அந்தத் துணிய மடிச்சு எடுத்துட்டு வந்திருக்காரு ஒரு அண்ணன், உள்ள பூராம் கடல்தாழை. வலையில மாட்டுச்சு, உங்களுதுதானேன்னு கேட்டாரு. காசு கொடுத்தோம், வாங்கல. சீனு அண்ணே, உங்க தூக்குவாளிப் புளியோதரை மீந்திருந்துச்சு, அத வாங்கிக்கிட்டாரு. ஒரு கம்பு மட்டும் ஒடிஞ்சிருச்சு.

சனிக்கிழமை ஓரா குழம்பு, ஞாயித்துக்கிழமை நண்டு. சித்தியோட கையில அந்தக் குழம்பு எப்படி அந்த நிறத்துக்கு வருதுன்னு நின்னு பாத்தும் தெரியல. வேலை போன நண்பன் அம்மியில உக்காந்து ஒரு மணி நேரம் அரைச்சுக் கொடுத்தான். பயணம் பூராம் அவன்தான் கம்மியா பேசுனான், அங்க மட்டும் சித்தியோட ஏதோ ஓயாம பேசிக்கிட்டே இருந்தான். என்னன்னு நாங்க கேக்கல.

திருக்கை ஒண்ணு பாத்தோம், தேய்ச்சு நடந்ததால அதுவே கிளம்பிப் போச்சு. சொறிமுட்டை ஒருத்தன் கையில லேசா பட்டுச்சு, நர்ஸம்மா சொன்னபடி செஞ்சோம், மத்தியானத்துக்குள்ள அடங்கிருச்சு.

கணக்கு: ரயில் 500, ஷேர் ஆட்டோ 300, தோப்புக்கு ரெண்டு ராத்திரி 1000, மீன், நண்டு 900, வீட்லேர்ந்து எடுத்த மளிகை 1100, தண்ணி கேன் 210, சித்திக்குச் சமையல் கூலி 1500, டீ, வடை, பழம் எல்லாம் 700, ஒடிஞ்ச டென்ட் கம்பு 600. மொத்தம் 6810. ஆளுக்கு 1362.

ஊர்சுற்றி_உமா:
நாலு சாக்கு மிச்சம் பிடிச்சு 600 ரூபா கம்பு. சீனுவோட சிஷ்யனுங்க.

சீனு_சிக்கனம்:
நான் சாக்குல மிச்சம் பிடிக்கச் சொல்லவே இல்லைங்க. எழுத்துல இருக்கு, மேல போயி பாருங்க.

மண்டபத்தான்:
சித்தப்பா போன்ல சொன்னாரு. வந்து பாத்தப்ப சிரிக்காததுக்குக் காரணம், வீட்ல வந்து சிரிக்கலாம்னு வச்சிருந்தாராம். தை, மாசியில வர்றதா இருந்தா தெக்குக் கரை, அப்ப ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். ஆனா ஆமை முட்டையிட ஏறுற நேரம், விளக்கு, ஆட்டம் எதுவும் கூடாது. அப்புறம் பேசிக்கலாம்.

வைகைக்கரை:
வர்றோம்ணே, பன்னெண்டு சாக்கோட. அண்ணே இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. மூட்டையப் பிரிச்சுப் பாத்தா சித்தியோட எவர்சில்வர் குடம் ஒண்ணு எங்ககூட மதுரைக்கு வந்துருச்சு. பார்சல்ல அனுப்பவா, இல்ல அடுத்த தடவை வரும்போது கொண்டாரவா? சித்திகிட்ட நீங்களே கேட்டுச் சொல்லிருங்க, எனக்குப் பயமா இருக்கு.